மணல் போட்ட நான்கு பைகள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பிரார்த்தனையில் முதலில் உங்கள் இருவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகிறேன். பின்கட்டில் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தை ஒருவழியாக அடைத்தாயிற்று. எதிர்வீட்டுத் தையல்காரம்மா கண் ஆபரேஷன் செய்துகொண்டாள், நன்றாகத் தெரிகிறதாம், அதனால் இப்போது நம் வீட்டு ஜன்னல் கம்பியில் இருக்கும் தூசியை அங்கிருந்தே எண்ணிச் சொல்கிறாள். முன்பு இருந்த கண்ணே தேவலாம் என்று அப்பா சொல்கிறார்.

கடிதம் எதற்கு, போன் இல்லையா என்று கேட்பாய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மூன்று வாரமாக "வேலை அதிகம்மா, அப்புறம் பேசறேன்" என்று ஒரே வரியை நான்கு தடவை அனுப்பியிருக்கிறாய், ஒரு புள்ளிகூட மாறவில்லை. உன் சித்தி உளறிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும், அவளே வந்து சொன்னாள். "நீ சொன்ன மணலால ஒருத்தரோட துப்பாக்கியே போச்சு, உங்கப்பா தலை குனிஞ்சு நிக்கிறாரு" என்று உன்னிடம் சொன்னாளாமே. என் தங்கை நல்லவள்தான், அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியது நான்தான், ஆனால் அவளிடம் ஒரு விஷயம் போனால் அது வெளியே வரும்போது கையும் காலும் முளைத்துத்தான் வரும். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், உடனே நானும் அழுவேன், விஷயம் பாதியிலேயே நின்றுவிடும். எழுத்து என்றால் யாரும் குறுக்கே வர முடியாது. மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவருக்கும் புரிகிறபடிதான் எழுதுகிறேன்.

நீ இங்கே இருந்தவரை அப்பா பள்ளிக்கூடப் பையும் இடுப்பு வாரும்தான் தைத்துக்கொண்டிருந்தார், குண்டுப்பை வேலை நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு சுடும் மைதானம் இருக்கிறதல்லவா, அங்கே பழைய காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடி மண் தட்டுகளை மேலே எறிந்து சுடுவார்கள். அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போக வேண்டும், முதலில் வெடிமருந்து, அதன்மேல் ஒரு அட்டை, அப்புறம் மிளகு அளவு ஈயக்குண்டுகள் ஒரு கரண்டி, அதன்மேல் இன்னொரு அட்டை, பிறகு நீளக் கம்பியால் இடித்து இறுக்கிவிட்டுச் சுட வேண்டும். ஒரு வெடிக்கு இவ்வளவு பாடு. அந்த ஈயக்குண்டுகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொள்வதற்குத்தான் அப்பா தைக்கும் பை. பேரிக்காய் வடிவத்தில் இரண்டு தோல் வெட்டி, நடுவே ஒரு மெல்லிய வார் வைத்து, உள்பக்கம் வெளியே இருக்கும்படி மெழுகு நூலால் தைத்து, வெந்நீரில் ஊறவைத்து, சாக்ஸைத் திருப்புகிற மாதிரி கழுத்து வழியாகத் திருப்ப வேண்டும். திருப்புகிறபோது அப்பா விடும் மூச்சைக் கேட்டால் பிரசவ ஆஸ்பத்திரி தோற்றுப்போகும். ஈரம் காய்வதற்குள் உள்ளே எதையாவது திணித்து வைத்தால்தான் பை வயிறு உப்பிக்கொண்டு அழகாக நிற்கும். நான்கு நாள் காய்ந்த பிறகு அதைக் கொட்டிவிட்டு, கழுத்தில் மரத்தால் செய்த மூக்கு ஒன்றை வைத்துக் கட்டி, தக்கை போட்டு மூடினால் முடிந்தது. வெட்டுவதும் தைப்பதும் அவர், திணிப்பதும் காயவைப்பதும் மெழுகு தேய்ப்பதும் நான். எந்தப் பை, எந்தத் தோல், என்றைக்கு ஊறியது, யாருக்குப் போனது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன், அதனால் அப்பா என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்.

உள்ளே கோதுமைதான் திணிப்போம். ஆனால் கோதுமை ஈரம் பட்டு ஊதி ஒரு பையின் தையலையே பிளந்துவிட்டது, இன்னொரு பையை எலி வந்து பிரித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதை நான் உன்னிடம் போனில் புலம்பியபோதுதான் நீ, "மணல் போட்டுப் பாரும்மா, ஒரு வீடியோவுல பாத்தேன், சலிச்சு வறுத்துப் போடறாங்க" என்று சொன்னாய். இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். அதோடு நீ நிறுத்தவில்லை. "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடும்மா" என்றும் சொன்னாய். சொன்னது உனக்கு மறந்திருக்கும், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியை விழுங்கிவிட்டேன்.

ஏன் விழுங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். முப்பத்துநான்கு வருஷமாக இந்த வீட்டில் தோல் சம்பந்தப்பட்ட எதிலும் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, எனக்கும் தானாக ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு ஆசை. அவர் மத்தியானம் படுத்திருந்த நேரமாகப் பார்த்து மணலைச் சலித்து வறுத்துத் திணித்தேன். காய்ந்து கொட்டியபோது அந்தப் பை எப்படி இருந்தது என்கிறாய், ஒரு மேடு பள்ளம் இல்லை. அப்பா அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கணக்குப்பிள்ளை, இது பச்சக் குழந்தை கன்னம் மாதிரி இருக்கு, என்ன பண்ணே?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "ஒண்ணும் பண்ணல, நல்லா வரணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு பையையும் என்னிடம் நீட்டும்போது, "இதுக்கும் கொஞ்சம் வேண்டிக்கோ" என்பார், நானும் சரி என்று வாங்கிக்கொண்டு போய் மணலைத் திணிப்பேன். இப்படி நான்கு பை போயிற்று. ஆண்டவன் பெயரை என் கெட்டிக்காரத்தனத்துக்கு மூடியாகப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே ஆண்டவன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முதல் பை கடிகாரம் பழுதுபார்க்கும் தம்பிக்குப் போனது. அவரை உனக்குத் தெரியாது, பாலத்தடியில் சின்னக் கடை, கதவைத் திறந்தால் நாற்பது கடிகாரமும் நாற்பது நேரம் காட்டும். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் வைத்திருக்கும் துப்பாக்கி அவருடையது இல்லை, போன வருஷம் தவறிப்போன அவருடைய அண்ணனுடையது. அவர் ஒரு வியாழக்கிழமை துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கடிகாரத் திருகாணிகளைப் பொட்டலம் கட்டுகிற மாதிரி ஒரு சின்னக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதைப் பிரித்து மேஜைமேல் வைத்தார், உள்ளே ஏழு மணல் துகள். "அண்ணே, இடிக்கும்போது கறகறன்னு ஒரு சத்தம் வந்துது. பையைத் தட்டிப் பாத்தேன், மூக்குல இருந்து இது வந்துது. குழலுக்குள்ள கோடு கோடா விழுந்திருக்குண்ணே" என்றார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை, உடம்பு சரியில்லாத பிள்ளையை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி சொன்னார். உன் அப்பாவுக்கு மணல் விஷயமே தெரியாது, வேலையில் குற்றம் சொன்னால் அவருக்கு எப்படி வரும் என்று உனக்குத்தான் தெரியுமே. "எங்க வீட்டுல மணலுக்கு என்ன வேலை தம்பி? நாங்க கோதுமைதான் போடறோம். துப்பாக்கிய எங்கயாவது கீழ போட்டுட்டு எங்க பை மேல பழி போடாதீங்க" என்று சொல்லிவிட்டார். அந்தத் தம்பி அந்த ஏழு மணலையும் திரும்ப மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன் பாப்பா. வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. சனிக்கிழமை காலை நோட்டைப் பிரித்து, மணல் போட்ட மற்ற மூன்று பைகளும் யார் யாருக்குப் போயிருக்கின்றன என்று பார்த்தேன். மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று, பஸ் கண்டக்டர் அம்மாவுக்கு ஒன்று, அவசரம் என்று எல்லோரும் கூப்பிடும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டருக்கு ஒன்று. மறுநாள் ஞாயிறு, மைதானத்தில் வருஷப் போட்டி. மூன்று பேரும் அந்தப் பையோடுதான் போவார்கள், இன்னும் மூன்று குழல்களில் கோடு விழும். அப்போது எனக்கு என் மானத்தைப் பற்றிய யோசனை போய்விட்டது. அப்பா தைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சாமி பெயரைச் சொன்னது உட்பட. யோசனை யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை, என்னுடையது என்றே சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்த வாரம் நான் மணல் திணித்துக் கொட்டியிருந்த புதுப் பை ஒன்று ஆணியில் தொங்கியது, அதை எடுத்துக் கத்தியால் தையலை அறுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடு வாருக்கும் தோலுக்கும் இடையில், நூலில் இருந்த மெழுகில் வரிசையாக மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எத்தனை தட்டுத் தட்டினாலும் அது வந்திருக்காது. உள்ளே ஈயக்குண்டுகள் உருண்டு இடித்தால் மட்டும்தான் ஒவ்வொன்றாக உதிரும். நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தம்பி சொன்னது நெசம்" என்றார். அதற்கப்புறம் சட்டையை மாற்றிக்கொண்டார். முதலில் கடிகாரக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றேன். "மன்னிப்ப சாயங்காலமும் கேக்கலாம். குழல்ல கோடு விழுந்தா விழுந்ததுதான். மொதல்ல அந்த மூணு பையப் பிடி" என்றார்.

மருந்துக்கடைக்காரர் பையை இன்னும் திறக்கவே இல்லை, பெட்டியோடு எடுத்துக் கொடுத்துவிட்டு அப்பாவின் முழங்காலுக்கு ஒரு தைலமும் கொடுத்தார். கண்டக்டர் அம்மாவை அவள் பஸ்ஸிலேயே ஏறித்தான் பிடித்தோம். "பை வீட்டுல இருக்கு, சாவி கீழ் வீட்டு அம்மாகிட்ட, சொன்னா எடுத்துக் கொடுப்பாங்க, டிக்கெட் எடுத்தீங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். டிக்கெட்டும் எடுத்தோம், பையும் வாங்கினோம். அவசரம் ஸார் வீட்டில் பூட்டு. போட்டி நாளைக்கு என்றால் அவர் இன்றைக்கே மைதானத்துக்குப் பழகப் போய்விட்டாராம். ஆட்டோ பிடித்துப் போனோம். வேலிக்கு அந்தப்பக்கம் தூரத்தில் அவர் நிற்கிறார், காதில் இரண்டு பெரிய மூடி. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி மருந்தும் அட்டையும் போட்டு இடித்து முடித்துவிட்டு, நம் பையைச் சாய்த்துக் கரண்டியில் குண்டு வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா கத்துகிறார், நான் கத்துகிறேன், அவர் காதில் விழுந்தால்தானே. உள்ளே ஓடக்கூடாது, அது அங்கே கண்டிப்பான விதி. நான் குடையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆட்டினேன், வேலியோரம் நின்றிருந்த காவல்காரர் அதைப் பார்த்துவிட்டு விசில் ஊதிச் சிவப்புக் கொடியைத் தூக்கினார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவசரம் ஸார் வந்து, "என்னம்மா, வீடு பத்திக்கிச்சா?" என்றார். அப்பா அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டிக் காட்டினார். ஈயக்குண்டுகளுக்கு நடுவில் மூன்று மணல் துகள் பளிச்சென்று தெரிந்தது. அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவசரப்படாமல் அதைப் பார்த்தார். குழல் தப்பித்தது.

அங்கிருந்து நேராகக் கடிகாரக் கடைக்குப் போனோம். உன் அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார், அந்தக் கடையில் யாரும் கழற்றுவதில்லை. "தம்பி, நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. நான் பேசினதுதான் பொய்" என்றார். நான் குறுக்கே புகுந்து, அவருக்குத் தெரியாது தம்பி, போட்டது நான், கேட்டபோது மறைத்ததும் நான் என்று சொன்னேன். அந்தத் தம்பி கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மணலுக்காக எனக்குக் கோபமே இல்லக்கா. கோடு விழுந்துடுச்சேன்னு வருத்தம், அவ்வளவுதான். ஆனா துப்பாக்கியக் கீழ போட்டீங்கன்னு இந்த அண்ணன் சொன்னாரே, அதுதான் ரெண்டு நாளா உள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. எங்க அண்ணன் பொருள நான் கீழ போடுவேனா?" என்றார். உன் அப்பா தலை குனிந்தது அப்போதுதான், உன் சித்தி சொன்ன இடத்தில் இல்லை. அவர் குனிந்தது மணலுக்காக இல்லை, அந்த ஒரு பேச்சுக்காக. அது அவருடைய பேச்சு, என்னுடைய மௌனம். இரண்டிலும் உனக்குப் பங்கில்லை.

துப்பாக்கி போகவும் இல்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறைக்காரர் நீளக் கம்பியில் துணி சுற்றி எண்ணெய் போட்டுப் பத்து நாள் தேய்த்தார், கோடெல்லாம் மறைந்துவிட்டது, அடியில் ஒன்று மட்டும் விரல் நீளத்துக்கு நிற்கிறது, சுடுவதற்கு அது தடையில்லையாம். பட்டறைச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. அந்தத் தம்பி புதுப் பை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பழையதையே பிரித்துத் துடைத்துத் தைத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், சிரித்துப் பேசினார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்பாவின் கைக்கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்தி ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே கழற்றி வாங்கிச் சரிசெய்து கட்டிவிட்டார். பழையபடி ஆக இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். நான் ஆண்டவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இப்போது அப்பா பையை நீட்டும்போது "வேண்டிக்கோ" என்று சொல்வதில்லை, "என்ன போடப் போறே?" என்றுதான் கேட்கிறார். அது எனக்கு வேண்டியதுதான்.

உன்னைப் பற்றி அப்பாவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் தோலைச் சீவிக்கொண்டே, "மணல் யோசனை உனக்குத் தானா வந்திருக்காது. பாப்பா சொல்லியிருப்பா" என்றார். நான் மெழுகைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். "கோதுமைல எனக்கு இந்த வயிறு ஒரு நாளும் வந்ததில்ல. அவ சொன்னது சரி. நாமதான் சரியாச் செய்யல" என்றார். இதை நான் கூட்டிக் குறைத்து எழுதவில்லை, அவர் சொன்ன வார்த்தை அப்படியே இதுதான். அன்றிலிருந்து வேறு ஒரு வேலையாக இருக்கிறார். மணலை நேராகப் போடாமல் ஒரு துணிப்பைக்குள் போட்டு, அந்தத் துணிப்பையோடு உள்ளே திணிக்கிறார். மணல் வெளியே வருவதில்லை, ஆனால் உள்ளே துணி மடிந்து அதன் சுருக்கம் அப்படியே தோலில் விழுந்துவிடுகிறது. என் பழைய தலையணை உறை, அவருடைய வேட்டி ஒன்று, ஜன்னல் திரையில் ஒரு முழம், எல்லாம் போயாயிற்று. சுருக்கம் விழாத துணி எது என்று அவருக்குத் தெரியவில்லை. நீ பின்னல் துணித் தொழிற்சாலையில் நாள் முழுக்கத் துணியை இழுத்துப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிறவள், உனக்குத் தெரியாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூலுக்கு மெழுகு தேய்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஒரே நூலுக்கு எவ்வளவு மெழுகு தேய்ப்பார் ஒரு மனிதர்? "அவகிட்ட நீ கேட்டுச் சொல்லேன்" என்று என்னிடம் வந்தார். நான் முடியாது என்றேன். மூன்றாம் ஆளாக நின்று பாதி சொல்லிப் பாதி விழுங்கியதெல்லாம் போதும், உங்கள் மகள், உங்கள் வாயால் நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சித்தியிடம் கோபித்துக்கொள்ளாதே, அவளும் பயந்துபோய் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தோள் வலி என்றாயே, குளிர்ந்த தண்ணீரில் குளிக்க விடாதே. ராத்திரி ஷிப்டு என்றால் வெறும் டீயை வயிற்றில் ஊற்றிக்கொண்டு போகாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. செய்யாத தப்புக்குத் தலையில் கூடை தூக்கிக்கொண்டு அலையாதே, அது உன் சின்ன வயசுப் பழக்கம், கண்ணாடி உடைந்தால் உடைத்தவனுக்கு முன்னால் நீ அழுவாய். ஆண்டவன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், கைவேலை விளங்கட்டும், வாசலில் நல்ல செய்தி வந்துகொண்டே இருக்கட்டும். இந்த ஞாயிறு எங்கள் ஊர் நேரம் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடு, என் போனில் வேண்டாம், அப்பா போனில் கூப்பிடு. நான் வேண்டுமென்றே அந்த நேரத்துக்குக் கடைக்குப் போய்விடுவேன். இதோ இப்போது மூன்றாவது தடவையாக வந்து, அந்தத் துணி விஷயத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டாயா என்று எட்டிப் பார்க்கிறார். கையால் மறைத்துக்கொண்டு, எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தப் பொய்க்கு ஆண்டவனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா